சொன்னவர் யார்?



தமிழகச் சிற்றூர்களில் திண்ணை இருந்த காலத்தில் செய்திக்கு ஒரு முகம் இருந்தது. சந்தைக்குச் சென்று திரும்பியவர் நெல் விலையையும் அயலூர்ச் சேதியையும் சொல்லுவார். கேட்போர் உடனே நம்பிவிடுவதில்லை. "யார் சொன்னது?" என்பது முதல் வினா, "நீர் கண்டீரா, கேட்டீரா?" என்பது அடுத்தது. பொய் சொன்னவர் மறுநாளும் அதே தெருவில் நடந்தாக வேண்டும். அந்த நாணமே நாவுக்குக் காவலாயிற்று. திண்ணையில் புறணி பேசப்படவில்லை என்று எவரும் சாதிக்க இயலாது. எல்லாரையும் அது ஏற்றி அமர்த்தியதும் இல்லை. ஆயினும் புறணிக்கும் உரியவர் ஒருவர் இருந்தார்.

இறப்புச் செய்தியும் ஆள் வழியே சென்றது. வாசலில் நின்று, "இன்னார் காலமானார், எடுப்பது இத்தனை மணிக்கு" என்று தாழ்ந்த குரலில் உரைத்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போவார். கேட்ட வீட்டார் உலையை இறக்கி வைத்துவிட்டுப் புறப்பட்டனர். இன்று குடும்பக் குழுவில் ஒரு படம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் அதன் கீழே கைகூப்பும் சின்னங்கள் வரிசையாய் நிரம்புகின்றன. இடையே யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் நுழைந்துவிடுகிறது. கடல் கடந்து வாழும் பேரனுக்கு அத்துயரம் அந்நொடியே எட்டுவது பெரும் பேறு. அதனை மறுப்பது நன்றியன்று. ஆனால் அடுத்த தெருவினருக்கும் அந்தச் சின்னமே போதும் என்றாகிவிட்டது. துயர வீட்டுப் பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. வாட்ஸ்அப்புக்குப் 'புலனம்' என்று அழகாகப் பெயரிட்டார்கள். ஐம்புலன்களுள் கண்ணும் செவியும் மட்டுமே அதற்கு வாய்த்தன.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, முன்பின் அறியாதார்க்குத் தம் இல்லத்தைத் திறந்துவிட்டோர் பலர். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முகநூலிலும் ட்விட்டரிலும் இட்டு, "இங்கே தங்கலாம், உணவு உண்டு" என அறிவித்தனர். அச்செய்திகளுக்குப் பின்னே ஆள் இருந்தார். அழைத்தால் எடுத்துப் பேசினார்.

ஆளில்லாத செய்தி என்ன செய்யும் என்பதை 2018 மே மாதம் காட்டியது. பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் நுழைந்துவிட்டனர் என்ற வதந்தி வட மாவட்டங்களில் கைப்பேசிதோறும் பரவிக்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, அத்திமூர்ப் பகுதியில் காரை நிறுத்தி வழி கேட்டனர். அங்கிருந்த சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தனர். அதுவே குற்றமாயிற்று. ஊரார் திரண்டு தாக்கியதில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தோர் படுகாயமுற்றனர். வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்த நாடு இது. அடித்த கைகளுக்குரியவர் சிலரைக் காவல்துறை கைது செய்தது. அந்த வதந்தியை முதலில் எழுதிய கை எதுவென்று அதைப் படித்தவர் எவரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே ஐயத்தால் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர்.

அதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு செய்தது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் வந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருவேளைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினர். முன்னனுப்பப்பட்டது என்ற குறிப்பும் செய்தியின் தலையில் இப்போது தோன்றுகிறது. முதலில் எழுதியவரின் பெயர் மட்டும் அதில் இல்லை. குழுக்களோ பெருத்தன, 2022இல் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர வழி பிறந்தது.

அத்தகைய குழுவொன்றில் முதியவர் எவரேனும், "யார் சொன்னது?" என்று பழைய பழக்கத்தில் கேட்டுவிடுவதுண்டு. சிறிது நேரம் எவரும் பேசுவதில்லை. பிறகு ஒரு விடை வருகிறது: "எனக்கும் வந்ததுதான் ஐயா, அப்படியே அனுப்பினேன்."