ஒரு பிளேடு போதும், அழுத்தாத கை வேண்டும்

மூத்தோர் நடவடிக்கை நிலையத்தில் ஆற்றிய நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்



நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் தாதியரும் சொல்வதைத் தமிழில் உங்களிடம் சேர்க்கும் மொழிபெயர்ப்பாளர். கையேடுகளில் நாங்கள் ‘எளிதில் எரிச்சலடையும் தோல்’ என்று எழுதுகிறோம். நீங்கள் வீட்டில் அதையே, “சவரம் பண்ணினா முகம் காந்துது” என்று சொல்லிவிடுகிறீர்கள். இன்று அந்தக் காந்தலைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அம்மாக்களும் கேளுங்கள். கணவருக்கோ தகப்பனாருக்கோ சவரம் செய்துவிடுபவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

முகம் ஏன் காந்துகிறது?

வயதாக ஆகத் தோல் மெலிகிறது, எண்ணெய்ப்பசை குறைந்து வறண்டு போகிறது. கன்னமும் கழுத்தும் தளர்ந்து மடிப்பு விழுகிறது. இருபது வயதில் வேகமாகச் சவரம் செய்த அதே கை, எழுபது வயதுத் தோலில் அதே வேகத்தில் போனால் தோல் சிராய்த்துவிடும்.

சவரக் கத்தியும் ஒரு காரணம். பிளேடு மாற்றிப் போடும் சேஃப்டி ரேசரை ஜில்லெட் நிறுவனம் 1903-இல் விற்கத் தொடங்கியது. உங்களில் பலர் முதன்முதலில் பிடித்த ரேசர் அந்த வகைதான். 1971-இல் இரண்டு பிளேடு ரேசர் வந்தது. இப்போது கடைகளில் ஐந்து பிளேடு ரேசரும் இருக்கிறது. ஐந்து பிளேடு ரேசரை ஒருமுறை இழுத்தால், தோலை ஐந்து முறை உரசியதாகக் கணக்கு. மேலும், முதல் பிளேடு முடியைச் சற்று இழுக்க, அடுத்த பிளேடு அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடலாம். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு அந்த முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளரும். அதனால்தான் கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருகின்றன.

ஒற்றை பிளேடு ரேசர் முடியைத் தோல் மட்டத்தில் வெட்டும், தோலை உரசுவதும் குறைவு. அதனால் முகம் காந்துபவர்கள் பலருக்கு இது ஏற்றது. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யார் இதைத் தவிர்ப்பது நல்லது?

கை நடுக்கம் உள்ளவர்கள், கண் பார்வை மங்கியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் மின்சார ஷேவர்தான் பாதுகாப்பு. வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை அத்தகைய மருந்துகள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களுக்கும் சின்ன வெட்டில் இரத்தம் நிற்க நேரமாகலாம். உங்கள் மாத்திரை எந்த வகை என்று தெரியாவிட்டால், பலதுறை மருந்தகத்தில் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள்.

இங்கே ஒன்றைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். சவரத்தில் இரத்தம் வந்தது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரத்தக் கட்டி உருவாகாமல் தடுக்கத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தினால் பக்கவாதமோ மாரடைப்போ வரும் ஆபத்து கூடும். ஷேவரை மாற்றுங்கள், மாத்திரையை மாற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் சின்னக் காயமும் ஆற நாளாகும், கிருமித்தொற்றும் எளிதில் வரும்.

சவரம் செய்யும் முறை

முதலில் முடியை ஊறவிடுங்கள். குளித்து முடித்தவுடன் சவரம் செய்வது நல்லது. இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். நீரில் ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். சூடான நீர் வேண்டாம், அது தோலை வறட்டும்.

அடுத்து ஷேவிங் கிரீம் அல்லது ஜெல். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். குளியல் சோப்பு தோலைக் காயவைக்கும், அதன் நுரையும் சீக்கிரம் வற்றிவிடும். கிரீமைத் தடவி ஒரு நிமிடம் விடுங்கள்.

அந்த ஒரு நிமிடத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று போகும் பக்கம்தான் அது வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் சிலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ இருக்கும். முடி வளரும் திசையிலேயே சவரம் செய்யுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் மழமழப்பாக இருக்கும், ஆனால் காந்தலும் கொப்புளமும் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன.

ரேசரின் பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இருக்கட்டும். அழுத்த வேண்டாம், ரேசரின் எடையே போதும். ஒரு அங்குல நீளத்துக்கு இழுத்து, அலசி, மறுபடி இழுங்கள். கழுத்து மடிப்பை விரலால் மெல்லச் சமப்படுத்துங்கள், இறுக்கி இழுக்காதீர்கள். மச்சம், மரு இருக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். ஒரு முறை போதவில்லை என்றால், மறுபடி கிரீம் தடவிய பிறகே அடுத்த முறை. காய்ந்த தோலில் கத்தி வைக்காதீர்கள்.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் தோலை இன்னும் காயவைக்கும். அதற்குப் பதில் வாசனையில்லாத ஈரப்பதக் கிரீம் தடவுங்கள். தினமும் சவரம் செய்தால் எரிச்சல் வருகிறதா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள்.

பிளேடும் அதன் பராமரிப்பும்

ஒரு பிளேடை ஐந்தாறு முறைக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். முடியை இழுப்பது போல் தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அலசி, நீரை உதறி, குளியலறைக்கு வெளியே காய வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளியலறையில் எதுவும் சீக்கிரம் காயாது.

பழைய பிளேடைக் குப்பைக் குழாயில் அப்படியே போடாதீர்கள். குப்பையை அள்ளும் ஊழியரின் கையைக் கிழித்துவிடும். ஒரு பழைய மைலோ டின்னில் சேர்த்து வையுங்கள். நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி வீசலாம்.

ரேசரை யாரோடும் பகிராதீர்கள், மகனோடு கூட வேண்டாம். ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி போதும், அது பரவ. முடிதிருத்தும் கடையில் உட்காரும்போதும் புதிய பிளேடைக் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நான் சொன்ன மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் 15 நிமிடம் அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தம் கொட்டினால் 995-ஐ அழையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. காயத்தில் தூள் தங்கினால் கிருமித்தொற்று வரலாம், எனவே வேண்டாம். சிறு கீறலுக்குப் படிகாரம் தடவலாம், ஆனால் அந்தக் கட்டி உங்களுக்கு மட்டுமே இருக்கட்டும்.

காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்களாகியும் ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம் ஆகியவற்றையும் காட்டிவிடுங்கள்.

மற்றவருக்குச் செய்துவிடுபவர்களுக்கு

படுக்கையில் இருப்பவருக்கோ பக்கவாதம் வந்தவருக்கோ சேஃப்டி ரேசர் வேண்டாம், மின்சார ஷேவரைப் பயன்படுத்துங்கள். இல்லப் பணிப்பெண் செய்வதாக இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். தலையைச் சற்று உயர்த்தி, செய்யப் போவதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியை அவர் கையில் கொடுங்கள். நாள்தோறும் முகம் மழித்துப் பழகியவருக்குத் தாடி வளர்ந்து கிடப்பது மனச்சோர்வைத் தரும். பத்து நிமிட வேலைதான், ஆனால் ‘என்னை யாரும் விட்டுவிடவில்லை’ என்ற தெம்பை அது தருகிறது.

நாளைக் காலை கண்ணாடி முன் நிற்கும்போது மூன்றை நினைவில் வையுங்கள்: முடியை ஊறவிடுங்கள், வளரும் திசையில் இழுங்கள், அழுத்தாதீர்கள்.