அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பத்து நிமிஷம் பேசு, போதும்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். ஓசூரில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆகவே, 'உடம்புக்கு நல்லது' என்று விற்கப்படும் பொருள்களை நாம் எப்படி நம்பி வாங்குகிறோம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நான் இங்கே படித்தபோது தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தில் ராகிதான் விளையும். டிபன் பாக்ஸில் களி உருண்டையும் கொள்ளுக் குழம்பும் இருக்கும். மற்றவர்கள் இட்லி, தயிர்சாதம் கொண்டுவருவார்கள். நான் மரத்தடிக்குப் போய், திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவேன். களி என்றால் இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு என்று ஒரு வெட்கம். அப்படி என்னோடு ஒளிந்து சாப்பிட்ட இரண்டு பேர் இதோ முன் வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்!

இன்றைக்கு ராகிக்கு வந்திருக்கும் மரியாதையே வேறு. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு தமிழக அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கியது. கடைக்குப் போனால் ராகி பிஸ்கட், ராகி மால்ட், ராகி சேமியா. எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் நான் ஏமாந்தேன்.

அப்பா காலமான பிறகு அம்மா ஓசூருக்கு என்னோடு வந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. டீயோடு சாப்பிடட்டும் என்று ராகி பிஸ்கட் வாங்கி வைத்தேன். காலையில் நான்கு, மாலையில் நான்கு. "நம்ம ராகியையே மில்லுல அரைச்சா போதாதாடா?" என்று கேட்டார். "இது டயட்டுக்குன்னே செஞ்சதும்மா" என்றேன். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், சர்க்கரை நன்றாக ஏறியிருந்தது. "புதுசா என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பெருமையாக, "என் பையன் ராகி பிஸ்கட் வாங்கித் தர்றான்" என்றார்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் மைதா. அடுத்தது சர்க்கரை. மூன்றாவது பாமாயில். அதற்குப் பிறகுதான் ராகி, அதுவும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பிஸ்கட் ஒன்றே காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அம்மா ஒன்று கேட்டார்: "ஃபேக்டரியில நீ இதைத்தானே தினமும் படிக்கற?" என்னிடம் பதில் இல்லை.

நண்பர்களே, அந்தப் பாக்கெட்டில் பொய் எதுவும் இல்லை. ராகி பிஸ்கட் என்றார்கள், ராகி இருந்தது. மற்றதெல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. நான்தான் திருப்பவில்லை.

ஆகவே மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். இரண்டாவது, ஒரு பொருளை அட்டையில் சிறப்பாக எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். அதைத் தேடுங்கள். மூன்றாவது, 'சர்க்கரை குறைவு' என்று திட உணவில் போட வேண்டுமானால் 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. 'நார்ச்சத்து மிகுந்தது' என்றால் 6 கிராமாவது நார் வேண்டும். ஆனால் 'நல்லது', 'பாரம்பரியம்' போன்ற சொற்களுக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பானங்களை எத்தனை வருஷம் 'ஹெல்த் டிரிங்க்' என்று வாங்கினோம்! உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. 2024 ஏப்ரலில்தான் இணைய விற்பனை நிறுவனங்கள் அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது.

ராகியை மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் 10 கூட இல்லை. ஆனால் அதே ராகியில் மாவுச்சத்தும் சுமார் 67 கிராம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர் களியையும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

அன்றைக்கு நாலு பேர் கேவலமாக நினைப்பார்களே என்று களியை ஒளித்தேன். பின்னால் நாலு பேர் உயர்வாகச் சொல்கிறார்களே என்று பிஸ்கட்டை வாங்கினேன். இரண்டு தடவையும் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. தம்பி தங்கைகளே, நீங்கள் பாருங்கள். உங்கள் டிபன் பாக்ஸில் களி இருந்தால் வெட்கப்படாமல் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ராகி மில்லில்தான் அரைபடுகிறது. அம்மா அளவாகக் களி கிளறுகிறார், கூடவே கீரை. கடைக்கு வரும்போது மட்டும், "திருப்பிப் பாருடா" என்று மறக்காமல் சொல்கிறார்.