மூழ்கிய கப்பலுக்குச் சம்பளம் கிடையாது



கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் என்றால் டாஃபடில் பூக்கள். பள்ளிக்கூடம் நமக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தது. அவர் தம்பி ஜான், கிழக்கிந்தியக் கம்பெனி வாணிகத்துக்கு ஓடிய ‘ஏர்ல் ஆஃப் அபர்கவனி’ கப்பலின் கேப்டன். வங்காளத்துக்கும் சீனாவுக்கும் கிளம்பிய அந்தக் கப்பல், 1805 பிப்ரவரி 5 அன்று, இங்கிலாந்துக் கரையோரத்திலேயே, வழிகாட்ட பைலட் ஏறியிருந்தும், கடலடி மேட்டில் மோதி மூழ்கியது. ஏறக்குறைய 400 பேரில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜானும் போனார். தம்பிக்காக அண்ணன் பாடினார். கயிறு இழுத்த மாலுமிக்கு யார் பாடினார்கள்? அவனைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

மாலுமிகள் இரண்டு கூட்டம்; மாறி மாறி நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் ஓய்வு. மாலை நாலு முதல் எட்டு வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரிப்பார்கள். இல்லையென்றால் நடுச்சாம வேலை தினமும் ஒரே கூட்டத்தின் தலையில் விழும். நியாயம்தான். ஆனால் புயல் வந்தால் முறையாவது ஒன்றாவது! எல்லோரும் மேலே ஏற வேண்டும். காலுக்கடியில் ஒற்றைக் கயிறு, வயிற்றுக்குக் குறுக்குமரம். நனைந்து விறைத்த பாயை இருட்டில் தடவிச் சுருட்ட வேண்டும். காற்று அடங்கியதா? பம்பு அடி, கல் வைத்துத் தளத்தைத் தேய். தின்ன உப்புக்கண்டம், வண்டு ஊரும் பிஸ்கட்.

போர்க்காலத்தில் சொந்த நாட்டுக் கடற்படைதான் பெரிய பயம். வழிமறித்து நல்ல மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஆள் குறைந்த கப்பல்கள் இந்தியத் துறைகளில் லஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பின. அவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகளே அல்ல என்று 1823-இல் ஒரு சட்டம் போட்டார்கள். வேலை வாங்கியபோது அந்தச் சந்தேகம் வரவில்லை பாருங்கள்!

சம்பளத்துக்கு வருகிறேன். சரக்குக் கட்டணம் வந்தால்தான் மாலுமிக்குக் கூலி. இதுதான் அன்றைய சட்டம். சரக்கு சேருமுன் கப்பல் மூழ்கினால், நீந்திப் பிழைத்தவனுக்கும் சல்லிக்காசு இல்லை. முதலாளி கப்பலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாம். வியாபாரி சரக்குக்கு எடுக்கலாம். மாலுமி மட்டும் தன் கூலிக்கு எடுக்கக் கூடாது. ஏனாம்? எடுத்தால் கப்பலைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்துப் பாடுபட மாட்டானாம்!

1854-இல்தான் இந்த விதி ஒழிந்தது. அப்போதும் ஒரு வால் வைத்தார்கள்: மூழ்கும் கப்பலைக் காக்க அவன் முழுமூச்சாகப் பாடுபடவில்லை என்று நிரூபித்துவிட்டால், அந்தக் கூலியும் கிடையாது.