அரண்மனையிலிருந்து எண்ணிவரும் வீதிகள்



கடலோர ஊர்களின் பழைய நகரப் பகுதிகளைச் சுற்றிப் பார்ப்பதில் நம் மக்களுக்கு இப்போது ஆசை கூடியிருக்கிறது. புதுச்சேரிக்குப் போனால் பிரெஞ்சுக்காரர் தெருக்கள், தரங்கம்பாடிக்குப் போனால் டேனியர் கட்டிய கோட்டை, கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் காலிக் கோட்டை. மகிழ்ச்சிதான். ஆனால் தமிழ்நாட்டிலேயே அளவெடுத்து, கோடு போட்டுக் கட்டிய ஒரு பழைய நகரம் இருக்கிறது. அது இருக்கும் மாவட்டத்துக்குக் கடலும் இருக்கிறது. இருந்தும் அந்த நகரத்தில் இறங்கி நடப்பவர்கள் மிகக் குறைவு. இன்று உங்களை அங்கேதான் அழைத்துப் போகிறேன். புதுக்கோட்டைக்கு.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே போகிறது புதுக்கோட்டை மாவட்டத்துக் கரை. முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வரலாம். ஆனால் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட காலத்தில் இந்தக் கரை அவர்களுடையது அல்ல. புதுக்கோட்டை சமஸ்தானம் நாலாபுறமும் நிலம் சூழ்ந்த நாடு. 1974 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலன்று, திருச்சி மாவட்டத்திலிருந்தும் தஞ்சை மாவட்டத்திலிருந்தும் பகுதிகளைப் பிரித்துப் புதுக்கோட்டை மாவட்டம் அமைத்தபோதுதான் இந்த ஊருக்குக் கடல் வந்து சேர்ந்தது. அதனால் இங்கே பழைய நகரத்தைப் பார்க்கக் கரையிலிருந்து அறந்தாங்கி வழியாக உள்நாட்டுக்கு வர வேண்டும். திருச்சியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது.

திருச்சிச் சாலையில் வந்தால் ஊருக்கு முன்னாலேயே திருக்கோகர்ணம் வந்துவிடும். இங்கே இறங்கிவிடுங்கள். இந்த ஊரின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பாறையைக் குடைந்து கோகர்ணேசுவரரை வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை அந்தக் குடைவரைக்கு. அதைச் சுற்றிப் பின்னால் வந்தவர்கள் மண்டபம் மேல் மண்டபமாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே நடக்க நடக்க, காலத்தில் பின்னோக்கிப் போகிறோம். நாயக்கர் காலத் தூண்களைக் கடந்து, கடைசியில் வெறும் பாறை. அம்மன் பெயர் பிரகதாம்பாள். தொண்டைமான்களுக்குக் குலதெய்வம். மன்னர்கள் தங்களை ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்றே எழுதிக்கொண்டார்கள். நாணயத்திலும் அவளையே வைத்தார்கள். அதுதான் அம்மன் காசு. சுண்டுவிரல் நகத்தளவு செப்புக்காசு. ஒரு பக்கம் அம்மன், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல். இருபது காசு ஓர் அணா. ஆங்கிலேயர் நாணயம் நாடெங்கும் ஓடிய காலத்திலும் இந்தச் சின்ன நாட்டில் இந்தச் சின்னக் காசு செல்லுபடியானது. நவராத்திரி நாட்களில் மன்னர் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்.

அந்த நவராத்திரிக் கொடைக்குப் பின்னால் ஒரு வரலாறு சொல்வார்கள். 1738-ஆம் ஆண்டு வாக்கில் விஜயரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவப் பிரம்மேந்திரரைச் சந்தித்தார். துறவி பேசா விரதம் பூண்டவர். மன்னருக்குரிய உபதேசத்தை மணலில் விரலால் எழுதிக் காட்டினாராம். மன்னர் அந்த மணலையே தன் மேலாடையில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார். பழைய அரண்மனை வளாகத்துத் தட்சிணாமூர்த்தி கோயிலில் இன்றும் அந்த வழிபாடு உண்டு. மணலில் எழுதியதைக் காற்று கலைக்கும் முன் அள்ளிவைத்த ஒருவரின் ஊர் இது. எனக்கு இந்த ஊரின் மேல் பிரியம் வந்ததற்கு அந்த ஒரு செய்தி போதும்.

திருக்கோகர்ணத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. 1910-இல் சமஸ்தானம் தொடங்கியது. சென்னை எழும்பூருக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்ல வேண்டும். ஈமத்தாழிகள், சமணச் செப்புத் திருமேனிகள், கற்சிலைகள், நாணயங்கள், கற்கள், பதப்படுத்திய பறவைகள், விலங்குகள் என்று ஒரு நாட்டின் நிலத்தையும் வாழ்வையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மன் காசை அங்கே கண்ணால் பார்க்கலாம். இதே பகுதியில் ஞானாலயா என்ற தனியார் ஆய்வு நூலகம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் உழைப்பில் வளர்ந்தது. தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆய்வாளர்கள் இந்த வாசலுக்கு வருகிறார்கள்.

இனி நகரத்துக்குள் போவோம்.

பழைய ஊர் என்றால் வளைந்து நெளிந்த சந்துகள் இருக்கும், வழி தப்பும் என்று நினைப்போம். புதுக்கோட்டையில் வழி தப்பவே முடியாது. நடுவில் பழைய அரண்மனை வளாகம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அதற்கு வெளியே ஒவ்வொரு திசையிலும் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. அரண்மனையிலிருந்து வெளியே எண்ணிக்கொண்டே வர வேண்டியதுதான். “வடக்கு மூணாம் வீதியில வீடு” என்று ஒருவர் சொன்னால், அந்த வீடு எந்தத் திசையில், எத்தனை தெரு தள்ளி என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும். வேறெதையும் விசாரிக்க வேண்டாம். சதுரத்துக்குள் சதுரமாக விரியும் இந்த அமைப்பு மதுரையின் மாசி வீதி, ஆவணி வீதிகளை நினைவூட்டும். அங்கே நடுவில் மீனாட்சி. இங்கே நடுவில் மன்னர்.

இந்தக் கோடுகளைப் போட்டது யார்? 1812-ஐ ஒட்டி, மணலை அள்ளிவந்தவரின் பெயரையே கொண்ட பின்னாள் மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் பழைய குறுகிய தெருக்களை எடுத்துவிட்டு நேரான அகலத் தெருக்களாக ஊரைத் திரும்பக் கட்டினார். அப்போது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் தந்த யோசனை அது. ஆனால் இன்று நாம் காணும் நகரத்துக்கு முகம் கொடுத்தவர் சர் ஏ. சேஷையா சாஸ்திரி. கும்பகோணத்துக்காரர். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் புதுக்கோட்டைக்குத் திவானாக வந்தார். 1886-இல் இராமச்சந்திரத் தொண்டைமான் மறைந்தபோது அடுத்த மன்னர் மார்த்தாண்ட பைரவருக்குப் பத்து வயது. அதனால் 1894 வரை ஆட்சிப் பொறுப்பே சாஸ்திரியின் கையில் இருந்தது. வந்தது முதல் மொத்தம் பதினாறு ஆண்டுகள். அந்தக் காலத்தில் அலுவலகக் கட்டடங்கள், மருத்துவமனை, கல்லூரி, சிறைச்சாலை எல்லாம் எழும்பின.

கட்டடங்களைக் காட்டிலும் அவர் செய்த பெரிய காரியம் குளங்களைத் தூர்வாரியதுதான் என்பேன். புதுக்கோட்டை செம்பாறை மண். நகரத்தைத் தொட்டு ஓடும் வற்றாத ஆறு கிடையாது. தெற்கே ஓடும் வெள்ளாறும் மழையை நம்பியது. ஆகவே இந்த ஊர் குளத்தாலும் ஊருணியாலும்தான் உயிர் பிழைத்தது. நகரின் நடுவே சாந்தநாதசுவாமி கோயிலை ஒட்டிப் பல்லவன்குளம். தொண்டைமான்களுக்கு முன் இங்கே ஆண்ட பல்லவராயர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாலு புறமும் படிக்கட்டு. கொஞ்சம் தள்ளிப் புதுக்குளம். குடிதண்ணீருக்கென்று காத்துவைத்த பெரிய குளம். சாஸ்திரி இந்த இரண்டையும் சீர்செய்தார். ஒரு நிர்வாகி ஊருக்கு விட்டுச்செல்லக்கூடியவற்றில் தண்ணீருக்கு மேல் என்ன இருக்கிறது? இன்று புதுக்குளத்துக் கரையில் காலையும் மாலையும் ஊரே நடக்கிறது. நீங்களும் அங்கே ஒரு சுற்று வாருங்கள். ஆனால் நகரத்தின் சிறு ஊருணிகள் பலவற்றில் குப்பையும் சாக்கடையும் சேர்ந்து கிடப்பதையும் பார்ப்பீர்கள். வரத்துவாரிகளின் மேல் கட்டடம் வந்துவிட்டது. மழை பெய்தால் குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் தெருவில் நிற்கிறது. இது பொறுத்துக்கொள்ளக்கூடியது அல்ல. இந்த நகரத்தின் திட்டத்தில் தெருவும் குளமும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்றை அழித்தால் மற்றதும் கெடும்.

கீழ ராஜ வீதி இப்போது முழுக்கக் கடைவீதி. நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை என்று பகல் முழுவதும் நெரிசல். பெயர்ப்பலகைகளுக்கு மேலே கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பழைய மாடியின் வளைவு, மரக் கைப்பிடி, சுதை வேலைப்பாடு அங்கங்கே இன்னும் இருக்கின்றன. இரண்டாம், மூன்றாம் வீதிகளுக்குள் போனால் சத்தம் அடங்கிவிடும். ஓட்டு வீடு, திண்ணை, மரத்தூண். இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களை நினைக்காமல் நடக்க முடியாது. முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த ஊர் இது. பெண் பிள்ளை ஆண்களோடு கல்லூரியில் படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவர் அனுமதி கொடுத்து மகாராஜா கல்லூரியில் சேர்த்தார். அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-இல் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அவர் படித்த கல்லூரி இன்று மன்னர் கல்லூரி. இப்போதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வானொலியில் கச்சேரி கேட்கும் நேயர்களுக்கு இன்னொரு செய்தி. கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. கையடக்கமான உடும்புத்தோல் வாத்தியம் பெரிய வித்துவான்களுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது இவரால்தான். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் ஓர் உச்சத்தைத் தொட்டார். லயத்துக்குப் புதுக்கோட்டை வழி என்று ஒரு தனி மரபே உண்டானது. நடிகர் பி.யு. சின்னப்பாவின் பெயரில் உள்ள ‘பி’யும் புதுக்கோட்டைதான். சினிமாவில் சம்பாதித்ததையெல்லாம் அவர் இந்த ஊரில் வீடாக வாங்கிக் குவித்தார், கடைசியில் அவருக்கு யாரும் வீடு விற்கக்கூடாது என்று மன்னரே உத்தரவு போட வேண்டியதாயிற்று என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த ஊரின் பேரைச் சொன்னதும் சிலர் 1799-ஐ நினைப்பார்கள். கட்டபொம்மன் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டது தொண்டைமான் சீமையில்தான். அதை மறைக்கவோ பூசி மெழுகவோ தேவையில்லை. ஆங்கிலேயரோடு கொண்ட அந்த உறவுதான் சுற்றியிருந்த பாளையங்கள் அழிந்தபோதும் இந்த நாட்டை 1948 வரை நிற்கவைத்தது. ஆனால் அந்த உறவும் ஓர் எல்லை வரைதான் கைகொடுத்தது. 1915-இல் மார்த்தாண்ட பைரவர் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கிலேய அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. மகனை வாரிசாகவும் ஏற்கவில்லை. மன்னர் நாட்டைவிட்டே போனார். கடலில்லாத நாட்டின் மன்னர் பிரான்சில் கான் என்ற கடற்கரை ஊரில் வீடெடுத்து வாழ்ந்து, 1928-இல் பாரிஸில் காலமானார். சடங்குகள் லண்டனில் நடந்தன. சொந்த மண்ணுக்கு அவர் உடல்கூடத் திரும்பவில்லை.

அடுத்து மன்னரான இராஜகோபாலத் தொண்டைமான் அப்போது ஆறு வயதுச் சிறுவர். அவர் காலத்தில் எழுந்ததுதான் புதிய அரண்மனை. வளைவுகளும் மாடங்களும் அகன்ற தாழ்வாரமுமாக, பரந்த வெளியின் நடுவே நிற்கிறது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-இல் மாவட்டம் அமைந்தபோது அந்த அரண்மனைதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகமானது. திங்கட்கிழமைகளில் போனால் பட்டா கேட்டும் உதவித்தொகை கேட்டும் மனுவோடு வரிசையில் நிற்கும் மக்களைப் பார்க்கலாம். இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய கணவரை மீட்டுத் தரச் சொல்லிக் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் வரும் மீனவப் பெண்களும் இந்தத் தாழ்வாரத்தில்தான் காத்திருக்கிறார்கள். அரண்மனை எதற்குப் பயன்பட வேண்டுமோ அதற்குப் பயன்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாட்டு நேரம் வந்தால் முட்டை மாஸ் கேளுங்கள். அவித்த முட்டையைத் துண்டு போட்டு, வெங்காயம் நிறையச் சேர்த்து மசாலாவில் வதக்கித் தருவார்கள். புதுக்கோட்டைக்காரர்களின் தனிப்பெருமை அது.

சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் குடுமியான்மலைக்கும் போகிற அன்பர்களே, முத்துக்குடாவுக்குப் படகு ஏறப் போகிறவர்களே, பேருந்து நிலையத்தில் வண்டி மாறிக்கொண்டு மட்டும் போய்விடாதீர்கள். ஒரு முழு நாளை இந்த நகரத்துக்குக் கொடுங்கள். புதுக்கோட்டை நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீதியில் இருக்கும் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வெளியூரிலிருந்து கிளம்புகிறவர்கள் நாள் பார்த்துக் கிளம்புங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை.