இரண்டரை அடி மேசை



தஞ்சை வட்டாரத்தில் இடுப்புவலி என்றதும் நடவுப் பெண்களின் நினைவுதான் முதலில் வரும். குனிந்தபடியே பின்னோக்கி நகரும் வேலை. வலிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கையிலிருக்கும் நாற்று தீர்ந்தால் நிமிர்வார்கள், வரப்பேறி வெற்றிலை போடுவார்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ இ-சேவை மையத்திலோ கணினி முன் உட்கார்ந்திருக்கும் அவர்கள் மகளுக்கு அந்த நிமிர்வும் வாய்ப்பதில்லை. வெளியே வரிசை நிற்கும். சர்வர் வேறு படுத்தும்.

நோவு பழையதுதான். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்ற மனஅழுத்தம் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார். இன்றைய ஆய்வுகளும் இவற்றைச் சுற்றித்தான் வருகின்றன.

கும்பகோணத்திலும் தஞ்சையிலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலம் உண்டு. லோயர், ஹையர் முடித்த பிள்ளைகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். அந்த இன்ஸ்டிடியூட்டுகளில் எழுத்துக்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள்: முதுகு நேராக, பாதம் தரையில், முழங்கை உடம்பை ஒட்டி, கண் பக்கத்துத் தாளில். இயந்திரத்தின் விசைகள் மேசைக்கு மேலே உயர்ந்து நிற்பதால், டைப்ரைட்டர் மேசையை எழுதும் மேசையைவிடத் தாழ்வாகவே செய்தார்கள்.

கணினி வந்ததும் அந்தத் தாழ்ந்த மேசை மூலைக்குப் போயிற்று. பேரேடு எழுதிய மர மேசையிலேயே மானிட்டரையும் கீபோர்டையும் வைத்தார்கள். அதன் உயரம் சுமார் இரண்டரை அடி. ஐந்தடி உயரமுள்ள பெண் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், முழங்கை அந்தப் பலகைக்குச் சில அங்குலம் கீழே இருக்கும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தட்ட வேண்டியதுதான். நாற்காலியை உயர்த்தினாலோ கால் தொங்கும், தொடைக்கடியில் அழுந்தி மரத்துப்போகும். மணிக்கட்டு மேசை விளிம்பில் பதிந்து தழும்பாகும். சாயங்காலம் தோள்பட்டை கடுக்கிறது என்று அவர் சொன்னால், ‘இந்த வயசிலேயேவா?’ என்பார்கள். வயதைக் கேட்டவர்கள் மேசையை அளந்திருக்கலாம்.

லேப்டாப் இதைவிட மோசம். திரையும் விசைகளும் ஒட்டியிருப்பதால் கைக்குச் சரியாக வைத்தால் கழுத்து குனியும். கழுத்துக்குச் சரியாக வைத்தால் கை உயரும். அறுவடை மும்முரத்தில் நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண் என்று பதிவுசெய்வதைப் பார்த்தால் விளங்கும். தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்துக்கு ஏறும் பாரம் சுமார் 27 கிலோ என்று அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் எழுதினார். கணினியில் போட்ட கணக்கு அது, ஆளை வைத்து அளந்ததல்ல. எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். குனியக் குனியப் பாரம் ஏறும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஐரோப்பிய நாடுகள் 1990-லேயே திரை, மேசை, நாற்காலி, இடைவேளை, கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் பொது விதி வகுத்துக்கொண்டன. தமிழ்நாடு 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. பெருமைப்பட வேண்டிய காரியம். கணினி முன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் வலிக்கு அது மருந்தாகாது.

தஞ்சையில் மினி டைடல் பூங்கா 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கு வரும் நிறுவனங்கள் நல்ல நாற்காலிகளை வாங்கிக்கொள்ளக்கூடும். இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேள்வித்தாளோடு ஐ.டி. நிறுவனங்களுக்கு மட்டும் போய்த் திரும்பிவிடாதீர்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் போங்கள். கையில் ஒரு டேப் இருக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்பதோடு, மேசையின் உயரத்தையும் உட்கார்ந்திருப்பவரின் முழங்கை உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மேசை நாற்காலி டெண்டர் விடுவதற்குள் அந்த அளவுகளை அதிகாரிகளிடம் சேர்த்துவிடுங்கள்.