மெல்லிய லப்ரொப் வாங்கப்போகும் பெற்றோருக்கு

(எமது வானொலியில் ஒலிபரப்பாகிய பேச்சின் எழுத்து வடிவம்)



வருமானவரி, ஓய்வூதியச் சேமிப்பு, வீட்டுக் கடன் என்று உங்களோடு பேசி வருகிற நான் இன்று லப்ரொப் பற்றிப் பேசப்போகிறேன். இதற்குக் காரணம் எமது நேயர்களில் ஒருவரான ஒரு தாய். சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கிறார். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு வேலை. அவருடைய மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவன் கேட்பது 3,600 டொலருக்கு ஒரு மெல்லிய கேமிங் லப்ரொப். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அக்கா தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, வாங்கிக் குடுக்காட்டிப் படிப்புக் கெட்டுப்போகும் எண்டு எனக்குப் பயம். குடுத்தால் கேம் விளையாடியே கெட்டுப்போவான் எண்டு இவருக்குப் பயம். நீங்கள் கணக்குப் பாக்கிற ஆள், ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார்.

நான் உடனே முடிவு சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நானே ஒருமுறை பிழை விட்டவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2023இல் என் மகள் அனிமேஷன் படிக்கத் தொடங்கினாள். நான் விற்பனைப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்து, எண்களை ஒப்பிட்டு, ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்ட் போட்ட மிக மெல்லிய லப்ரொப் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். 4060ஐ விட 4070 பெரியது, மெல்லியது என்றால் மகளுக்குப் பாரம் குறைவு. எனக்கு அவ்வளவுதான் கணக்கு. அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு பல நாட்கள் பல்கலைக்கழகத்தின் கணினி அறையிலேயே இருந்துவிட்டு இரவு பதினொரு மணி ரயிலில் வருவாள். குழு வேலை என்பாள். எட்டு மாதங்களின் பின் ஒரு மழை இரவில் அவளை ஏற்றப் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. லப்ரொப் சூடாகி, விசிறி இரைந்து, அவளுடைய வேலையைச் செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருந்திருக்கிறது. ஏன் பிள்ளை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் இரவிரவாக் கணக்குப் பாத்து உழைச்ச காசு, அப்பா. அது சரியில்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை" என்றாள்.

நேயர்களே, நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிற் சிலர், வாங்கிக் கொடுத்தது பிழையென்றாலும் வாய் திறக்காதவர்களாக ஆகிவிடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே சொல்வதைக் கேளுங்கள்.

முதலில், கிராபிக்ஸ் கார்ட் என்ன செய்கிறது? திரையில் நாம் காணும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. நல்ல லப்ரொப் ஒன்றில் குறுக்கே 2,560, நெடுக்கே 1,600 புள்ளிகள் இருக்கும். பெருக்கினால் ஏறத்தாழ 41 இலட்சம். ஒரு செக்கனுக்கு 60 படம் காட்ட வேண்டுமானால் அந்த 41 இலட்சம் புள்ளிகளின் நிறத்தையும் 60 தடவை கணக்கிட வேண்டும். இந்தப் பெருங்கணக்கைச் செய்வதற்கென்றே உள்ளதுதான் கிராபிக்ஸ் கார்ட். கேமில் ஓடும் காரைக் காட்டுவதும், கட்டடக்கலை மாணவன் வரைந்த வீட்டில் வெயில் விழும் விதத்தைக் காட்டுவதும் அதே வேலைதான். ஆகவே, கேமிங் லப்ரொப் என்ற பெயரைக் கேட்டவுடன் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிட வேண்டாம். அதேபோல, வணிகம், சட்டம், தாதியியல் படிக்கும் பிள்ளைக்குத் தனியான கிராபிக்ஸ் கார்ட் பொதுவாகத் தேவையில்லை. புரொசசரோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் போதும். எந்தத் துறைக்கு என்ன வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத் துறையிடமே கேட்டு வாங்குங்கள். கட்டடக்கலையில் பயன்படும் ரெவிற், பொறியியலில் பயன்படும் சொலிட்வேர்க்ஸ் போன்றவை விண்டோஸ் கணினிக்கென்றே எழுதப்பட்டவை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, பெயர் வேறு, பலம் வேறு. நான் ஏமாந்த இடம் இதுதான். என்விடியா நிறுவனம் லப்ரொப்புக்கான 4070ஐ 35 வாற்றிலிருந்து 115 வாற் வரை எந்த அளவிலும் ஓட்ட லப்ரொப் தயாரிப்பாளரை அனுமதிக்கிறது. பெயர் ஒன்றே, ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரும் ஒன்றே. ஆனால் 60 வாற்றில் ஓடும் 4070உம் 115 வாற்றில் ஓடும் 4070உம் ஒரே வேகத்தில் வேலை செய்யா. முழு மின்சாரம் கிடைக்கும் 4060 ஒன்று, அரைவயிற்றோடு ஓடும் 4070 ஒன்றை முந்திவிடவும் கூடும். முன்பு, 2017 முதல் சில ஆண்டுகள், குறைந்த வாற்றில் ஓடும் கார்ட்டின் பெயரோடு மக்ஸ்-கியூ என்ற சொல்லும் சேர்ந்திருக்கும். வாங்குபவருக்கு அது ஓர் அடையாளம். 2021இல் வந்த 30 வரிசையோடு அந்த வால் பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது ரீ.ஜீ.பி. என்ற மூன்றெழுத்தின் பக்கத்தில் எத்தனை வாற் என்று எழுதியிருக்கிறதா எனத் தயாரிப்பாளரின் விபரப் பட்டியலில் நாமே தேட வேண்டும். டைனமிக் பூஸ்ற் என்று இடையிடையே கிடைக்கும் மேலதிக வாற்றையும் சிலர் அதோடு கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுவார்கள். அது வங்கிக் கணக்கில் உள்ள காசோடு கடனெல்லையையும் கூட்டிச் சொல்வது போன்றது. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

2025இல் வந்த 50 வரிசையிலும் இதே கதைதான். லப்ரொப் 5060 என்பது 45 முதல் 100 வாற் வரை, 5070 என்பது 50 முதல் 100 வாற் வரை. இன்னொன்று: மேசைக் கணினியின் 5090 கார்ட் 575 வாற் வரை எடுக்கும், 32 ஜிபி நினைவகம் கொண்டது. லப்ரொப் 5090க்கு அடிப்படை உச்சம் 150 வாற், நினைவகம் 24 ஜிபி. பெயர் ஒன்று என்பதற்காக லப்ரொப் கார்ட்டை மேசைக் கணினியின் கார்ட்டோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது, கார்ட்டின் சொந்த நினைவகம். 4060, 4070, 5060, 5070 ஆகிய நான்கு லப்ரொப் கார்ட்டுகளுக்கும் 8 ஜிபிதான். 5070 ரிஐக்குப் போனால்தான் 12 ஜிபி. நினைவகம் நிரம்பிவிட்டால் பெரிய முப்பரிமாண வேலைகள் தடுமாறும். 5060இலிருந்து 5070க்கு ஏறக் கொடுக்கும் காசு கொஞ்சம் வேகத்தைத் தரலாம், நினைவகத்தைக் கூட்டாது. இதைத் தெரிந்துகொண்டு காசைக் கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

நான்காவது, விளம்பரத்தில் போடும் பெரிய எண்கள். செக்கனுக்கு 200 படம், 240 படம் என்பார்கள். அவற்றிற் சில, கார்ட் உண்மையாகக் கணக்கிட்ட படங்களுக்கு இடையில் ஊகித்துச் செருகிய படங்கள். 40 வரிசையில் ஒரு படத்துக்கு ஒரு படம் செருகலாம், 50 வரிசையில் ஒன்றுக்கு மேலும் செருகலாம். கேமில் அது கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும், பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கர் என்ற முறையில், கையில் வந்த காசையும் வரும் என்று எழுதி வைத்த காசையும் நான் ஒரே நிரலில் கூட்டுவதில்லை. செருகிய படங்கள் இல்லாமல் எத்தனை என்று கேளுங்கள்.

ஐந்தாவது, மெல்லியதன் விலை. கார்ட் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டைச் செப்புக் குழாயும் விசிறியும் வெளியேற்ற வேண்டும். உடல் மெல்லியதானால் அவற்றுக்கு இடம் குறைவு. அதனால்தான் வாற்றைக் குறைக்கிறார்கள். இது ஏமாற்று அல்ல, பௌதிகம். மெல்லிய 14 அங்குல லப்ரொப் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, தடித்த 16 அங்குலம் இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். தினமும் இரண்டு ரயில் மாறிப் போகிற பிள்ளைக்கு அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். வீட்டு மேசையிலேயே வேலை செய்கிற பிள்ளைக்கு அதே ஒரு கிலோவுக்காக நூற்றுக்கணக்கில் கொடுப்பது வீண். பல மெல்லிய லப்ரொப்புகளில் ராம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. பற்றறியையும் கணக்குப் பாருங்கள். விமானத்தில் கொண்டுபோகும் விதிகளால் லப்ரொப் பற்றறி 100 வாற்-மணிக்கு மேலே போவதில்லை. 90 வாற்-மணிப் பற்றறியில் எல்லாமாக 120 வாற் இழுத்தால் 45 நிமிடம்தான். ஆகவே பற்றறியில் ஓடும்போது கார்ட் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலைக்குச் சுவர் மின்சாரமும், பாரமான சார்ஜரும் வேண்டும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 3,600 டொலரை வட்டியில்லாமல் 24 மாதத்தில் கட்டலாம் என்பார்கள். மாதம் 150 டொலர் ஒழுங்காகக் கட்டினால் சரி. ஆகக் குறைந்த தொகை என்று 100 டொலர் மட்டும் கட்டி வந்தால் 24 மாத முடிவில் 1,200 டொலர் மிஞ்சும். அதற்கு 25 வீத வட்டி என்று வைத்தால், ஒரு வருடம் விட்டுவைக்க 300 டொலர். மேலதிக உத்தரவாதம் வாங்கச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். 2011 முதல் நடைமுறையிலிருக்கும் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், விற்ற பொருள் தரமாகவும் சொன்ன விபரத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமை தயாரிப்பாளரின் ஒரு வருட உத்தரவாதத்தோடு முடிவதில்லை. சட்டம் தராத எதை இந்தக் காசுக்குத் தருகிறீர்கள் என்று கேளுங்கள். ஆனால் மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் உரிமை இல்லை. அதற்குக் கடை தானாகச் சில நாட்கள் தந்தால்தான் உண்டு. எத்தனை நாள் என்பதை வாங்கு முன்பே எழுத்தில் பெறுங்கள்.

பலர் கேட்பதால் இதையும் சொல்கிறேன். பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய லப்ரொப்பை உங்கள் வரிக் கணக்கில் கழிக்க முடியாது. உங்கள் வருமானத்தை உழைக்க நீங்கள் பயன்படுத்தும் பங்கு மாத்திரம்தான் கழிவு.

அந்த அக்காவிடம் திரும்பி வருவோம். மகனையும் தகப்பனையும் ஒரே மேசையில் இருத்தி மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். என்ன வேலைக்கு? எங்கே வைத்து? எத்தனை நாள் சுமந்து திரிய வேண்டும்? பதில்கள் வந்தன. வாரத்தில் இரண்டு நாள்தான் வகுப்புக்குச் சுமக்க வேண்டும், மற்ற நாள் வீட்டில். அவன் கேட்ட மெல்லியதில் 5070, குறைந்த வாற். இன்னொரு கடையில் கொஞ்சம் தடித்ததில் 5060, முழு 100 வாற், ராம் கூட்டலாம், விலை 2,400. நினைவகம் இரண்டிலும் 8 ஜிபி. மகனே இரண்டாவதைத் தெரிவு செய்தான். தகப்பன், "பின்னேரத்தில கேமும் விளையாடுவியோ?" என்று கேட்டாராம். "ஓம் அப்பா, விளையாடுவன்" என்றானாம் மகன். மறைக்காமல் சொன்னானே என்று அக்காவுக்குச் சந்தோஷம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நான் வணிகம் படித்தபோது மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். என்னிடம் இருந்தது வெளிச்சத்தில் இயங்கும் ஒரு கல்குலேற்றர். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சம் அதற்குக் காணாது. ஆகவே கணக்கைப் பகலிலும் வாசிப்பை இரவிலும் வைத்துக்கொண்டேன். கிடைத்ததற்கு ஏற்ப வேலையை வளைத்துக்கொள்வது அன்று எமக்கு வேறு வழியில்லாததால் பழகிய பழக்கம். என் மகளும் இரவு ரயிலில் வந்து அதையே செய்தாள். அவளுக்கு வேறு வழி இருந்தது, எங்களிடம் சொல்வதுதான் அந்த வழி.

ஆகவே பெட்டியைத் திறந்த முதல் வாரத்தில் பிள்ளையின் உண்மையான வேலையை அதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "சரியில்லையெண்டால் சொல்லு பிள்ளை, நாங்கள் கோவிக்க மாட்டம்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். கடை திருப்பி எடுக்கிற நாட்களும் அந்த முதல் வாரங்களோடுதான் முடிந்துபோகும்.