ஜப்பான் தந்த மாணிக்கம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாம் பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றோமல்லோம். கணிப்பொறியைப் பற்றிப் பேச நமக்கென்ன தகுதி என நீங்கள் வினவலாம். சென்ற திங்கள் நம் காலனி இளைஞர் ஒருவர், "மாமா, எனக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை, கணிப்பொறித் தொழில் எனக்கு எட்டாது" என்று கூறிப் படிப்பை நிறுத்த முற்பட்டார். அவருக்கு அளித்த விடையையே இங்கும் கூற விழைகின்றோம்.

கணிப்பொறிக்கு இன்னது செய் என ஆணையிடுவது நிரல். அதனை எழுதுதற்கென அமைந்த மொழிகள் பல. ஜப்பானிய நிரலாளர்களும் உலகத்தாரைப் போலவே ஜாவா, பைத்தான், சி முதலியவற்றைக் கையாளுகின்றனர். இவை மேலை நாடுகளில் பிறந்தவை. ஆயின், இவற்றோடு ஓரவையில் அமரத்தக்க மொழியொன்று ஜப்பானிலேயே பிறந்தது. 'பெர்ல்' என, முத்தை நினைவூட்டும் பெயருடைய மொழியொன்று முன்பே இருந்தது. அதற்கு இணையாக இதற்கு 'ரூபி', அதாவது மாணிக்கம், எனப் பெயரிட்டனர்.

இதனைப் படைத்தவர் யுகிஹிரோ மட்சுமோட்டோ. 1993இல் தொடங்கி 1995 டிசம்பரில் வெளியிட்டார். பொறியின் வசதியினும் எழுதும் மனிதனின் மகிழ்ச்சியே பெரிது என்பது அவர் கொள்கை. தொடக்க ஆண்டுகளில் ரூபியைப் பற்றிய விளக்கமும் விவாதமும் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே நிகழ்ந்தன. 2000இல் ஆங்கிலத்தில் விரிவான நூலொன்று வெளிவந்தபின் பிறநாட்டார் பலர் அதனை அறிந்தனர். 2004இல் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமியர் ஹான்சன், ரூபியைக்கொண்டு இணையதளங்களை விரைந்து அமைக்கும் கருவியொன்றை வெளியிட்டார். அதன் பெயர் 'ரெயில்ஸ்', அதாவது தண்டவாளம்! அப்பெயர் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதில் வியப்பென்ன? அத்தண்டவாளத்தின்மீதே ரூபி உலகெங்கும் ஓடிற்று. 2012இல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பெற்றது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஜப்பானிய எழுத்துகளைக் கணிப்பொறியில் குறிக்கப் பல முறைகள் வழங்கின. ஆதலின் 2007இல் வெளிவந்த பதிப்பில், ஒவ்வொரு எழுத்துத் தொடரும் தான் எம்முறையில் குறிக்கப்பட்டது என்பதைத் தன்னுடனேயே சுமந்து செல்லுமாறு அமைத்தனர். தம் மொழியின் இடர்ப்பாட்டை அன்றாடம் உணர்ந்தவர்கள் கண்ட தீர்வு அது.

இதனால் ஆங்கிலம் வேண்டா என்பது நம் கருத்தன்று. ரூபியின் கட்டளைச் சொற்களும் ஆங்கிலச் சொற்களே. கருவியாக அதனைக் கற்க வேண்டும். மெல்லக் கற்றாலும் தாழ்வில்லை. நாச்சரளம் வேறு, அறிவுத் திறம் வேறு. தாய்மொழியில் தெளியச் சிந்திப்பவனுக்கு எத்தொழிலும் எட்டாததன்று.

அவ்விளைஞர் மீண்டும் வகுப்புக்குச் செல்கின்றார்; இன்று இவ்வரங்கின் பின்வரிசையில் அமர்ந்துமிருக்கின்றார். அவர்போல் தயங்கும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருப்பின், இம்மாணிக்கத்தின் கதையை எடுத்துரையுங்கள்.